மீட்டர் வைத்தால் எரியாத பச்சை விளக்கு

எங்கள் பாலிடெக்னிக்கின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது கேட்டுவிடுவார்கள்: "ஸ்டெல்லா மேடம், அந்தப் பேய் சர்க்யூட் கதை நெசந்தானுங்களா?" ஒருவர் சொல்லும் கதையில் நான் மயங்கி விழுகிறேன். இன்னொருவர் கதையில் பாதிரியார் வந்து தீர்த்தம் தெளிக்கிறார். போன மாதம் லேபிலிருந்த, பற்றவைக்காமல் பாகங்களைச் சொருகிப் பழகும் பிரெட்போர்டுகளை எல்லாம் மூட்டை கட்டி ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார்களாம். இனிமேல் மாணவர்கள் கம்ப்யூட்டர் திரையிலேயே சர்க்யூட் போட்டுப் பழகுவார்களாம். அந்தச் சாக்கில் கதை மறுபடியும் கிளம்பிவிட்டது. நான் மயங்கி விழவும் இல்லை, பாதிரியார் வரவும் இல்லை. பயந்தேனா என்றால், பயந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

என் கதையை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோரும் கேழ்வரகும் கடலையும் போடுகிறவர்கள். எனக்குக் கணக்கு வந்ததால் கான்வென்ட் சிஸ்டர்கள் பிடித்து டிப்ளமோவில் தள்ளினார்கள். ஓசூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் சால்டரிங் புகையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு தருமபுரிக்கு வந்து லேப் டெக்னீஷியன் ஆனேன். எண்பதுகளின் கடைசி அது. மைக்ரோகன்ட்ரோலர் என்ற சொல்லையே பாதிப் பேர் அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். லேபில் மொத்தம் நான்கு இருந்தன. மேலே சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்த, நாற்பது கால் சில்லுகள். அந்த ஜன்னல் வழியாக அல்ட்ரா வயலெட் வெளிச்சம் காட்டினால் உள்ளே எழுதிய புரோகிராம் அழியும். அவற்றை நகைபோலப் பூட்டி வைத்திருந்தோம்.

பூட்டின் சாவி நஞ்சுண்டன் சாரிடம். லேப் இன்சார்ஜ். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எங்களிடம் அளந்து அளந்து தமிழ் பேசுவார், பதினாறு வயதுப் பையனைக்கூட "வாங்க, உட்காருங்க" என்பார். ஆனால் ஒரு சர்க்யூட் ஓடவில்லை என்று யாராவது வந்தால், அவர் சட்டம் தனி. முதல் ஐந்து நிமிடம் யாரும் கையை நீட்டக் கூடாது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பையன்கள் அதற்குக் கைதி வகுப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் ஆனதும் மீட்டரை எடுப்பார். ஐந்து வோல்ட் வருகிறதா என்பதைச் சப்ளை பெட்டியில் பார்த்தால் ஒப்புக்கொள்ள மாட்டார், சில்லின் காலிலேயே பார்க்க வேண்டும். அப்புறம் சில்லை முதலிலிருந்து தொடங்க வைக்கும் ரீசெட் கால். அப்புறம் சில்லுக்குத் தாளம் போடும் கிரிஸ்டல் துடிக்கிறதா என்று. கடைசியாக, உள்ளே சேதி வாங்கும் ஒவ்வொரு காலையும் பென்சிலால் காட்டிக் கேட்பார்: "இந்தக் காலு யார் பேச்சைக் கேக்குது? சொல்லுங்க." எதிலும் சேராமல் ஒரு கால் சும்மா கிடந்தால் மட்டும் அவர் வீட்டுப் பேச்சு வெளியே வந்துவிடும். "யாரூ இல்லா?" என்பார். யாருமே இல்லையா என்று அர்த்தம். அந்தக் குரலைக் கேட்டுப் பையன்கள் வேர்த்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊரில் இருந்த ரேடியோ, டிவி மெக்கானிக்குகளுக்காகச் சனிக்கிழமை மதியங்களில் ஒரு வகுப்பு நடத்தினோம். அதில் ஜமால் பாய் என்று ஒருவர் வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை. நாற்பது வயதைத் தாண்டியவர். வால்வு ரேடியோவைத் தட்டிப் பார்த்தே எந்த வால்வு போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மைக்ரோகன்ட்ரோலர் விஷயத்தில் மட்டும் அரிச்சுவடி. மற்றவர்கள் சர்ட்டிபிகேட்டுக்காக வந்தார்கள். இவர் ஒரே ஒரு காரியத்துக்காக வந்தார், அதை முதல் நாளே சொன்னார்.

அவருடைய மகள் நசீமாவுக்கு எட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. முந்தின வருடம் மஞ்சள் காமாலையில் மனைவி போய்விட்டார். பகலில் இவர் கடைக்குப் போனால் குழந்தை வீட்டில் தனியாக இருக்கும்.

"வெளிய பூட்டிட்டுப் போனேனுங்க. வந்து பாத்தா கதவைப் பிறாண்டி வெரலெல்லாம் ரத்தம். பூட்டாம உள்பக்கம் தாப்பாள் போட்டுக்கச் சொல்லலாம்னா, நான் வந்து தட்டுனா அவளுக்குக் கேக்காதே. எவனோ வந்து நின்னாலும் தெரியாது. வூடு பெங்களூர் ரோட்டு மேலயே இருக்குதுங்க."

ஆகவே அவர் ஒன்றைக் கட்டினார். வாசல் நிலையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஒரு ஸ்விட்ச். அதை அழுத்தினால் வீட்டுக்குள் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். சிவப்பு என்றால் திறக்காதே. ஜன்னல் திண்டுக்கு அடியில் மறைவாக இன்னொரு ஸ்விட்ச், அவருக்கு மட்டும் தெரிந்தது. அதற்குப் பச்சை. பச்சை என்றால் அத்தா வந்திருக்கிறார், கதவைத் திற. சிவப்பு விளக்கு வேலையை எங்கள் வகுப்புப் படத்தைப் பார்த்துப் போட்டார். பச்சையை அவரே யோசித்துச் சேர்த்தார். லேபில் அழுத்திக் காட்டினார், அருமையாக ஓடியது. நஞ்சுண்டன் சார் சில்லைக் கடனாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அவர் அப்படிச் செய்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து ஜமால் பாய் பிரெட்போர்டை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். "பச்சை தானா எரியுதுங்க. யாரும் அழுத்தல."

மேஜையில் வைத்தோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தோம். பிறகு இன்னும் ஐந்து நிமிடம். ஒன்றும் எரியவில்லை. ஜன்னல் வழியாக வெயில் அந்தச் சில்லின் கண்ணாடியில் விழுந்தால் கோளாறு வரலாம் என்று சொல்லி, சார் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை ஜமால் பாய் வந்தபோது அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

"டேப்பு ஒட்டியும் எரியுதுங்க. நான் வூட்ல இருந்தா அவ்வளவா இல்ல. நான் போன பொறவுதான். பச்சை எரிஞ்சதும் புள்ள போயி கதவைத் தொறக்கறா. தொறந்து உள்ளார கூட்டிட்டு வர்றா."

"யாரைங்க பாய்?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவங்கம்மாவைங்க."

அவர் தொடர்ந்தார். "மொதல்ல நானும் சும்மா விட்டுட்டேனுங்க. ஒரு வருசமா சிரிக்காத புள்ள சிரிக்குது. நேத்து வெளிய போயிட்டா. ரோட்டு நடுவுல, யார் கையவோ புடிச்ச மாதிரி கையத் தூக்கிட்டு நின்னுருக்கா. லாரிக்காரன் பிரேக்கு அடிச்சு நிறுத்தியிருக்கான். பக்கத்து வூட்டம்மா ஓடிப்போயி இழுத்துட்டு வந்தாங்க. கேட்டா, அம்மா கடைக்குக் கூட்டிட்டுப் போச்சுன்னு கை காட்டறா."

நஞ்சுண்டன் சார் கையிலிருந்த பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு என்னிடம் திரும்பினார். "ஸ்டெல்லா, நீங்க போய்ப் பாருங்க. நான் போனா கொழந்தை மெரளும். அதை இங்க எடுத்துட்டு வர வேண்டாம். இருக்கிற எடத்துல, இருக்கிறபடி பாருங்க."

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து, மீட்டர் பையோடு பஸ் ஏறினேன். பங்குனி வெயில். காற்றில் ஈரமே இல்லை, உதடு வெடித்தது. ஜமால் பாய் கதவருகில் காத்திருந்து என்னை உள்ளே விட்டுவிட்டு, "நான் இருந்தா வராதுங்க" என்று சொல்லிக் கடைக்குப் போனார். எது வராது என்று நான் கேட்கவில்லை.

இரண்டு அறை வீடு. இரண்டுக்கும் நடுவில் கதவில்லை, ஒரு திரை. நீல நைலக்ஸ் புடவையை மடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பிரெட்போர்டு சுவர் அலமாரியில் இருந்தது. நசீமா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், பிறகு பாயை விரித்துப் போட்டாள். இருவரும் உட்கார்ந்தோம். வெளியே லாரிகள் போகும்போது ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. அவள் கண் விளக்கிலேயே இருந்தது.

பதினோரு மணி இருக்கும். பச்சை எரிந்தது.

நான் ஜன்னலை எட்டிப் பார்த்தேன். திண்டருகில் ஆள் இல்லை. நசீமா துள்ளி எழுந்து தாழ்ப்பாளை நீக்கினாள். கதவைத் திறந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள். ஒருவர் உள்ளே வர எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம் விட்டாள். பிறகு கதவைச் சாத்தி, தலையைத் தூக்கிச் சிரித்தாள். அவள் கண் நின்ற இடம் என் உயரம்தான் இருக்கும். ஒரு பெரிய பொம்பளையின் முகம் இருக்கக்கூடிய இடம். அங்கே எதிர்ச் சுவர்தான் இருந்தது. அடுப்படிக்குப் போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்தாள். மற்றொன்றை எனக்குப் பக்கத்தில் பாயில் வைத்தாள்.

சட்டென்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். பைக்குள் கையை விட்டு மீட்டரைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வேலை தெரிந்தவளுக்குப் பயம் வந்தால் வேலையைப் பிடித்துக்கொள்வதுதான் ஒரே வழி. எழுந்தேன். சில்லின் காலில் ஐந்து வோல்ட், சரி. ரீசெட், சரி. பச்சை விளக்கின் ஸ்விட்சிலிருந்து வரும் வயர் சேர்கிற காலில் மீட்டரின் சிவப்பு முனையைச் செருகி, கறுப்பு முனையைக் கிரவுண்ட் எனும் பூஜ்ய வோல்ட் கம்பியில் வைத்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது. எரியட்டும், எரியும்போது என்ன காட்டுகிறது பார்ப்போம் என்று காத்திருந்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. எரியவில்லை. கை வலித்து மீட்டரை எடுத்தேன். டம்ளரை நகர்த்துவதற்குள் பச்சை எரிந்தது. நசீமா என் தோளைத் தட்டிக் காட்டினாள். மறுபடியும் மீட்டரை வைத்தேன். எரியவே இல்லை. எடுத்தேன், எரிந்தது. நான்கு முறை அப்படி ஆயிற்று. சோதிக்கிற ஆள் இருக்கும்போது ஒளிந்துகொள்கிறது, கையை எடுத்தால் வருகிறது. பட்டப்பகல், வெளியே இளநீர் விற்கிறவன் குரல் கேட்கிறது. எழுந்து ஓடிவிடலாம் என்று மெய்யாகவே நினைத்தேன். டம்ளர் தண்ணீர் பாயில் அப்படியே இருந்தது, அதுதான் என்னை நிறுத்தியது. வந்திருந்தால் குடித்திருப்பாரே என்று ஓர் அசட்டுத் தெம்பு.

நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இந்தக் கால் யார் பேச்சைக் கேட்கிறது?

சிவப்பு ஸ்விட்ச்சின் காலிலிருந்து கிரவுண்டுக்கு, அழுத்தாதபோது அதைப் பூஜ்யத்திலேயே பிடித்து வைக்க, ஒரு ரெசிஸ்டர் இருந்தது, படத்தில் இருந்தபடி. பச்சையின் காலில் இல்லை. ஸ்விட்ச்சை அழுத்தாதபோது அந்தக் கால் யார் பேச்சையும் கேட்காமல் அந்தரத்தில் தொங்கியது. மீட்டர் வைத்தால் மீட்டரே அதற்கு ஒரு துணை. அதன் வழியாகக் கால் கிரவுண்டோடு சேர்ந்து அடங்கிவிடும். எடுத்தால் பழையபடி அனாதை. காற்றில் வருகிற எதையும் ஸ்விட்ச் என்று நம்பிவிடும். வயர் எந்த வழியாகப் போகிறது என்று கண்ணால் தொடர்ந்தேன். அலமாரியிலிருந்து ஏறி, திரை தொங்கும் கயிற்றோடு சுற்றிக்கொண்டு, ஜன்னலுக்குப் போயிற்று. கதவு ஜன்னல் வழியாகக் காற்று வரும்போதெல்லாம் நைலக்ஸ் புடவை வயரில் உரசியது. வறண்ட நாளில் நைலான் துணியைக் கழற்றினால் படபடவென்று பொரியுமே, அந்த மின்சாரம். பாய் வீட்டில் இருக்கும் ராத்திரியில் காற்றில் கொஞ்சம் ஈரம் இருக்கும், லேபிலோ இந்தத் திரையே இல்லை. புடவையின் ஓரத்தைப் பிடித்து ஒரு உதறு உதறினேன். பச்சை எரிந்தது. நசீமா கதவுக்கு ஓடினாள்.

சாப்பாட்டுக்கு வந்த ஜமால் பாயிடம் சொன்னேன். அவருக்கு முதலில் பிடிபடவில்லை. "ஸ்விட்சு ஆஃப்ல இருந்தா ஒண்ணுமில்லதானுங்களே? ரேடியோவுல வயரு அத்துப்போனா சத்தம் நின்னுபோயிடும். அவ்வளவுதானே?"

"ரேடியோவுல ஏரியல் வயரு எதுலீங்க பாய் சேர்ந்திருக்குது? காத்துலதான?"

இருபது வருடம் ஊரின் கூரையெல்லாம் ஏறி ஏரியல் கட்டியவர். நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்தார்.

"அது அவ புடவைங்க. வெட்ட மனசு வரலன்னு முழுசா தொங்கவிட்டேன்." கிட்டப் போய் மடிப்பை நீவிவிட்டார். "அப்ப அவதானுங்களே எரிய வச்சது."

திரையை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "அதை எடுக்காதீங்க. ரெசிஸ்டரைப் போட்டுடுங்க. ரோட்டுல போயி நிக்கறா, என்ன பண்றது."

பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, கால்களை மடித்து, பிரெட்போர்டில் சொருகினேன். நசீமா என் முழங்கைக்குப் பக்கத்தில் மூச்சு படும்படி நின்று பார்த்தாள். புடவையை உதறினேன். எரியவில்லை. அவள் என்னையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டு வாரம் கூட ஆகவில்லை. பாய் மறுபடியும் வந்தார். "பக்கத்து வூட்டம்மா சொல்றாங்க, பகல்ல கதவு தொறந்து மூடுதாம். அடுப்படியில ரெண்டு டம்ளர் கழுவிக் கவுத்திருக்குதுங்க. நான் புடவைய எப்படி உதறினாலும் எரிய மாட்டேங்குது."

இந்த முறை காரணம் என்று சொல்ல என்னிடம் எதுவும் மிச்சமில்லை. போனேன். ஐந்து வோல்ட் சரி, எல்லாம் சரி. ரெசிஸ்டர் இருந்த இடத்தில் இருக்கிறது. திரையை உதறினால் விளக்கு அசையவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சாரின் ஐந்து நிமிடத்தைத் தொடங்கினேன். மூன்றாவது நிமிடத்தில்தான் கண்ணில் பட்டது. நான் ரெசிஸ்டரைச் சொருகியபோது அதன் மேலுள்ள நிறப் பட்டைகளில் பழுப்பு இடப்பக்கம் இருந்தது. எப்போதும் அப்படித்தான் போடுவேன், ஓசூர் கம்பெனிப் பழக்கம். இப்போது பழுப்பு வலப்பக்கம் இருந்தது. திருப்பிப் போட்டாலும் ரெசிஸ்டர் அதே வேலையைத்தான் செய்யும், ஆகவே பாய்க்குத் தெரியவில்லை. கால்கள் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகியதில் நெளிந்திருந்தன. அப்பா கடைக்குப் போனதும் பிள்ளை அதை எடுத்துவிடுகிறாள். அவர் சாப்பாட்டுக்கு வருவதற்குள் சொருகிவிடுகிறாள்.

திரும்பிப் பார்த்தேன். நசீமா தன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவள் கண் என்னைக் கெஞ்சியது. தெரியாத மாதிரி போய்விடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அப்போது ஒரு லாரி போனது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அவள் திரும்பவில்லை. சால்டரிங் அயனைப் பிளக்கில் செருகினேன். எல்லாவற்றையும் பிரெட்போர்டிலிருந்து பிடுங்கி, துளையிட்ட போர்டு ஒன்றில் வைத்து ஒவ்வொரு காலாகப் பற்றவைத்தேன். ரெசிஸ்டரைக் கடைசியில் வைத்தேன். நான் அழுதுகொண்டேதான் செய்தேன், ஈயப் புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. நான் முடித்ததும் அவள் விரலால் ரெசிஸ்டரை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. திரையிடம் போய் இரண்டு கையாலும் புடவையைப் பிடித்து உதறினாள். உதறிக்கொண்டே இருந்தாள். விளக்கைப் பார்ப்பாள், மறுபடியும் உதறுவாள். அதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது.

திங்கட்கிழமை நஞ்சுண்டன் சார் கேட்டார். "இப்ப அந்தக் காலு யார் பேச்சைக் கேக்குது?"

"ஜமால் பாய் பேச்சை மட்டும் சார்."

"நல்லது" என்றார். பெரிய வேலை செய்தாய் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

ஒரு மாதம் கழித்து ஜமால் பாய் சந்தோஷமாகச் சொன்னார், இப்போது தொந்தரவே இல்லை, பச்சை தானாக எரிவதில்லை, பிள்ளை ரோட்டுப் பக்கமே போவதில்லை. என் மனம்தான் கேட்கவில்லை. ஒரு நாள் மதியம் லீவு போட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

நசீமா வெளியே நின்றாள். ரோட்டில் இல்லை, ஜன்னலுக்கு அடியில். கதவை இழுத்துச் சாத்தியிருந்தாள். வயரைப் பிடித்துக்கொண்டே வந்து மறைவு ஸ்விட்சைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அதன்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். ஆளில்லாத அறையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யார் உள்ளே என்று கையால் கேட்டேன்.

அம்மா என்று கை காட்டிவிட்டு, தன் காதைத் தொட்டு, கையை விரித்து ஆட்டினாள். உள்ளே இருப்பவருக்குக் காது கேட்காது. பிறகு விளக்கைச் சுட்டினாள். அதைப் பார்த்தால்தான் வந்து திறப்பார். என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கொஞ்சம் பொறு என்று உள்ளங்கையைக் காட்டினாள்.

நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.